காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

ஒரு காரைத் தாங்கி நிற்பது எது என்று கேட்டால் இரும்பு என்பார் சிலர். ரப்பர் என்பார் பலர். உண்மையில் டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றே அதைத் தாங்குகிறது. காற்று இறங்கிவிட்டால் அதே ரப்பரும் அதே இரும்பு வளையமும் இருந்தும் வண்டி தரையோடு அமர்ந்துவிடுகிறது. நம்மையும் நம் புத்தகப் பைகளையும் நாள்தோறும் சுமந்து வருகிற இந்தக் காற்றை நம் வீடுகளில் எத்தனை பேர் அளந்து பார்க்கிறோம்? அளந்து என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். டயருக்குக் காற்று அடிக்காத வீடு இல்லை. ஆனால் அளக்கும் வீடு நூற்றில் ஒன்று இருந்தாலே அதிசயம். மாதம் ஒரு முறை, வண்டி குளிர்ந்து கிடக்கும் காலை வேளையில், வீட்டில் உள்ள ஒருவர் கையில் கேஜை எடுத்து அளக்க வேண்டும், அந்த ஒருவர் அம்மாவாகவோ மகளாகவோ இருக்கலாம் என்பதே என் கருத்து.

பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்று கவனித்தால் நான் சொல்வது விளங்கும். ஸ்கூட்டரில் வரும் ஓர் அம்மாவைப் பார்த்து அங்குள்ள அண்ணன், “எவ்வளவுக்கா வைக்க?” என்று கேட்பார். “நீங்களே பார்த்து வைங்கண்ணே” என்று பதில் வரும். அடுத்து வருகிறவரும் அதையேதான் சொல்வார். எதைப் பார்த்து வைப்பது? நம் வண்டிக்கு எத்தனை பவுண்டு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பின்னால் யார் உட்காரப் போகிறார்கள், காலடியில் அரிசி மூட்டை ஏறப் போகிறதா என்றெல்லாம் அவர் ஜோசியம் பார்க்க முடியுமா? பாவம், அவரும் வருகிற எல்லா வண்டிக்கும் ஏறத்தாழ ஒரே அளவாக வைத்து அனுப்புகிறார். அவர் மீது குற்றமில்லை. மளிகைக் கடையில் துவரம் பருப்பை “நீங்களே பார்த்துப் போடுங்கண்ணே” என்று எந்த அம்மாவும் வாங்கியதில்லை. தராசு முள் நடுவில் நிற்கும் வரை கண் கொட்டாமல் பார்த்து நிற்பவர்கள் நம் அம்மாக்கள். அந்தக் கண்டிப்பு காற்றடிக்கும் இடத்தில் மட்டும் எங்கே போய்விடுகிறது?

சரியான எண்ணைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையுமல்ல. கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும்; சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும். ஸ்கூட்டருக்கு வண்டியோடு தந்த கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். முன் சக்கரத்துக்கு ஓர் எண், பின் சக்கரத்துக்கு வேறோர் எண், பின்னால் ஆள் அமர்ந்தால் இன்னும் கூடுதலாக ஓர் எண் என்று பல வண்டிகளுக்கு உண்டு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதுதான் அளவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதே டயர் பல வகை வண்டிகளில் மாட்டப்படும். நம் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வண்டியைச் செய்தவர்தான் சொல்ல முடியும். (பவுண்டு என்று நாம் வாய்வழக்கில் சொல்வது ஒரு சதுர அங்குலத்தின் மீது அத்தனை பவுண்டு அழுத்தம் என்பதன் சுருக்கம். சில கேஜ்களில் பார் என்ற அளவு இருக்கும். ஒரு பார் என்பது 14.5 பவுண்டு.)

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள காரில் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் சுமார் 300 கிலோ அமர்கிறது. 30 பவுண்டு அழுத்தம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. 300ஐ 2.1ஆல் வகுத்தால் 143 சதுர சென்டிமீட்டர் வருகிறது. தபால் நிலையத்தில் விற்கும் அஞ்சலட்டையின் பரப்பு 126. ஆக, ஒவ்வொரு சக்கரமும் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிதான ஓரிடத்தில்தான் சாலையைத் தொடுகிறது. ஒரு குடும்பமே அந்த நான்கு அட்டைகளை நம்பித்தான் நெடுஞ்சாலையில் போகிறது. காற்று கூடினால் அட்டை சிறுத்துவிடும். டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். பிரேக் பிடித்தால் வழுக்கும். ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் கேட்கும். மைலேஜ் கிடைக்கும் என்று கூடுதலாகக் காற்று அடிப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது காற்று குறைவது. நல்ல டயரில்கூட மாதத்துக்கு ஒரு பவுண்டு அளவில் காற்று தானாகக் கசியும். ஆறு மாதம் கவனிக்காவிட்டால் ஆறு பவுண்டு போய்விடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இன்றைய ரேடியல் டயர்கள் சரியான காற்று இருக்கும்போதே அடியில் சற்றுப் பிதுங்கித்தான் தெரிகின்றன. காலால் உதைத்துப் பார்ப்பதும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் 30க்கும் 24க்கும் வித்தியாசம் சொல்லா. மிதிவண்டியை மட்டும் இதிலிருந்து விலக்கி வைக்கிறேன். வால் டியூப் போட்ட பழைய வகை வால்வில் கேஜ் வைத்து அளக்க வழியில்லை. அங்கே கட்டைவிரலே கதி.

காற்று குறைந்த டயருக்குள் என்ன நடக்கிறது? ஒரு மெல்லிய கம்பியை இப்படியும் அப்படியும் பத்து முறை மடக்கிவிட்டு, மடக்கிய இடத்தைத் தொட்டுப் பாருங்கள்; சுடும். இன்னும் மடக்கினால் அங்கேயே ஒடிந்துவிடும். டயரின் பக்கச் சுவரும் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிறது. காற்று சரியாக இருந்தால் சிறிதளவு மடங்கும். குறைந்திருந்தால் நன்றாகவே மடங்கும். சாதாரண காரின் டயர் ஒரு முறை சுற்றினால் சற்றேறக்குறைய 1.85 மீட்டர் போகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒரு நொடிக்கு 12 சுற்று. ஒரு மணி நேரத்தில் 43,000 சுற்றுக்கும் மேல்! அத்தனை மடிப்பின் சூடும் ரப்பருக்குள்ளேயே தங்குகிறது. சூடு ஏற ஏற, டயருக்குள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் அடுக்குகள் பிரியத் தொடங்குகின்றன. பட்டன் நன்றாக இருக்கிறது, மொட்டை டயர் இல்லை என்று நாம் திருப்தியாக இருப்போம். உள்ளே அது வெந்துகொண்டிருக்கும்.

இங்கேதான் ஒரு பெரிய மூடநம்பிக்கையைச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் டயர் வெடித்துவிடும், ஆகவே கோடையில் நாலு பவுண்டு குறைத்து வை என்று பெரியவர்கள் பலர் அறிவுரை சொல்கிறார்கள். பெரியவர்கள் மீதுள்ள மரியாதை குறையாமலே இதை மறுக்கிறேன். வாயுக்களின் விதிகளைப் பத்தாம் வகுப்பில் படிக்கிறோம். கன அளவு மாறாவிட்டால், வெப்பநிலை ஏறும் அதே விகிதத்தில் அழுத்தமும் ஏறும். வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும். கேஜ் காட்டும் எண்ணோடு வெளிக்காற்றின் 14.7 பவுண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலையில் 27 டிகிரி செல்சியஸில், அதாவது 300 கெல்வினில், கேஜ் 30 காட்டுகிறது. மொத்தம் 44.7. வண்டி ஓடி டயருக்குள் 57 டிகிரி, அதாவது 330 கெல்வின் ஆகிறது. 44.7ஐ 330ஆல் பெருக்கி 300ஆல் வகுத்தால் 49.2. அதில் 14.7ஐக் கழித்தால் கேஜ் காட்டப்போவது 34.5.

இந்த நாலரைப் பவுண்டு ஏற்றத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் வண்டியைச் செய்தவர்கள் 30 என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல டயர் 34க்கெல்லாம் வெடிக்காது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? இருபது கிலோமீட்டர் ஓட்டிப் போய், சூடாக இருக்கும்போது பங்கில் நிறுத்துகிறோம். கேஜில் 34 தெரிகிறது. “அதிகமா இருக்கு” என்று காற்றை இறக்கி 30 ஆக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்: 26தான் இருக்கும். வெடித்துவிடுமோ என்று அஞ்சிக் குறைத்த நாலு பவுண்டுதான் டயரை இன்னும் மடங்க வைத்து, இன்னும் சூடாக்குகிறது. அளப்பதற்கு மூன்று மணி நேரமாவது வண்டி நின்றிருக்க வேண்டும் என்பது இதனால்தான். வீட்டில் ஒரு கேஜ் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். பங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடுகிறதே!

இந்த 26 என்ற எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் தன் எக்ஸ்புளோரர் வண்டிக்கு 26 பவுண்டு போதும் என்று சொல்லியிருந்தது. அதில் மாட்டியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் அடுக்குப் பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டில் சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த விபத்துகளில் இறந்தோர் 271 பேர் என்று அந்நாட்டு அரசு கணக்கெடுத்தது. டயரில் குறை என்றார் வண்டிக்காரர். 30 இருக்க வேண்டிய இடத்தில் 26 சொன்னது தவறு, வண்டியிலும் குறை என்றார் டயர்க்காரர். டயரின் தயாரிப்பிலும் குறை இருந்தது. எல்லாப் பழியையும் காற்றின் மீது போடுவதற்கில்லை. ஆனால் 26ல் தொடங்கும் வண்டியில் மூன்று மாதம் காற்று பார்க்காவிட்டால் 23 ஆகிவிடும். முதலிலேயே கையிருப்பு இல்லாத குடும்பத்தில் கடன் வந்தது போலத்தான். இதன் பிறகே, காற்று குறைந்தால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. 2008ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் அது கட்டாயம்.

“இப்போதுதான் விளக்கு இருக்கிறதே, அளப்பானேன்?” என்று புதிய கார் வைத்திருக்கும் அப்பாக்கள் கேட்கக்கூடும். அமெரிக்கச் சட்டத்தின்படி அந்த விளக்கு எரிய வேண்டியது காற்று நான்கில் ஒரு பங்கு குறைந்த பிறகுதான். 32 இருக்க வேண்டிய டயர் 24க்கு வந்த பின் விளக்கு எரிந்தால், அதுவரை ஓடிய ஓட்டமெல்லாம் கணக்கில் வராதா? நைட்ரஜன் நிரப்பிவிட்டோம் என்பார் இன்னும் சிலர். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதுவும் கசியும், சூட்டில் அதுவும் விரியும்.

அளந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. சக்கரம் விமானத்துக்கும் உண்டல்லவா? 1991 ஜூலை 11 அன்று, ஹஜ் யாத்திரை முடித்துத் திரும்பும் நைஜீரிய மக்களை ஏற்றிக்கொண்டு ஜித்தா விமான நிலையத்திலிருந்து ஒரு டி.சி.8 விமானம் புறப்பட்டது. ஓடுபாதையில் ஓடும்போதே காற்று குறைந்திருந்த டயர் ஒன்றின் பாரம் பக்கத்து டயரின் மீது விழுந்தது. டயர்கள் சூடேறிச் சிதைந்து தீப்பிடித்தன. அந்தத் தீயோடு சக்கரங்கள் விமானத்தின் வயிற்றுக்குள் மடக்கப்பட்டன. திரும்பி வந்து இறங்க முயன்ற விமானம் ஓடுபாதையை எட்டுமுன் நொறுங்கி விழுந்தது. அதிலிருந்த 261 பேரும் மாண்டனர்.

விசாரணையில் தெரிய வந்ததைப் படித்தபோது எனக்கு இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. டயரில் காற்று குறைவாக இருப்பது பழுது பார்ப்போருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர்கள் அளந்திருந்தார்கள். நிரப்புவதற்கு வேண்டிய நைட்ரஜன் உடனே கிடைக்கவில்லை. தேடினால் புறப்பாடு தாமதமாகும். ஆகவே அப்படியே அனுப்பிவிட்டார்கள். பதிவேட்டில் இருந்த காற்றின் எண்களும் திருத்தி எழுதப்பட்டிருந்தன. ஒரு கேஜும் ஒரு சிலிண்டர் நைட்ரஜனும் சற்று நேரப் பொறுமையும் இருந்திருந்தால் அந்த 261 பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தினர் கல்யாணத்துக்குப் போய்விட்டு, ஐந்து பேர் போகும் காரில் எட்டுப் பேராகத் திரும்பி வந்தார்கள். நான்கு வழிச் சாலையில் பின் டயர் வெடித்துக் கார் தடுப்புச் சுவரில் மோதியது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த வீட்டுப் பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்து இன்றுவரை கட்டிலோடு இருக்கிறார். நலம் விசாரிக்கப் போனவர்கள் எல்லாரும், “நேரம் சரியில்லை” என்றார்கள். நானும் அம்மாவோடு போயிருந்தேன். டயரில் எத்தனை பவுண்டு இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. காற்று குறைந்ததால்தான் வெடித்தது என்று நான் சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கலாம். யாரும் அளக்காததால் இனி யாருக்கும் அது தெரியப் போவதில்லை.

இது ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை என்று இன்னும் நம் வீடுகளில் ஓர் எண்ணம் இருக்கிறது. அடுப்பங்கரையில் பிரஷர் குக்கரின் அழுத்தத்தை விசிலைக் கேட்டே அறிந்து நடத்துகிறவர்களுக்கு டயரின் அழுத்தம் விளங்காதா? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தையும் மிதிவண்டி ஓட்டுவதையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. சேலை கட்டிய அம்மாக்கள் மிதிவண்டியில் வயலுக்கும் கடைக்கும் போனார்கள். கேஜைப் படிப்பதும் அதுபோன்ற ஓர் எழுத்தறிவுதான். வால்வின் மூடியைத் திருகி எடுத்து, கேஜை நேராக வைத்து அழுத்தி, புஸ் என்ற சத்தம் நின்றதும் எண்ணைப் பார்த்து, மூடியை மறக்காமல் திரும்பப் போட வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. டிக்கியில் ஆண்டுக்கணக்கில் தூங்கும் ஸ்டெப்னியையும் சேர்த்தால் ஆறு நிமிடம். வண்டி ஓட்டுவதற்கு எங்கள் வயதில் உரிமம் தரமாட்டார்கள். அளப்பதற்கு உரிமம் தேவையில்லை. குறைந்திருந்தால் எத்தனை பவுண்டு ஏற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பலாம். “நீங்களே பார்த்து வைங்கண்ணே” என்பதற்குப் பதிலாக, “முன்னாடி இத்தனை, பின்னாடி இத்தனை, இரண்டிலும் மூணு பவுண்டு குறையுதுண்ணே” என்று அம்மா சொன்னால் அந்த அண்ணனுக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

இனி, நம் பள்ளிக்கு வரும் வேன்களைப் பற்றி அருட்சகோதரியரிடம் ஒரு விண்ணப்பம். 2012 ஜூலையில் சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பின் அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் அதிகாரிகள் வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். தளம், படிக்கட்டு, அவசர வழி, தீயணைப்பான் எல்லாவற்றுக்கும் அந்தச் சோதனை நல்லதே. ஆனால் மே மாதத்தில் பார்த்த காற்று தீபாவளி வரை நிற்காது. ஆண்டுக்கு ஒரு சோதனை காற்றுக்குப் பொருந்தாது.

ஆகவே, மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில், வேன்கள் முதல் நடை கிளம்புமுன், அந்தந்த வேன் அண்ணன் தம் வண்டியின் காற்றை அளந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். அன்று மாலை, வண்டி பள்ளி மைதானத்தில் மூன்று மணி நேரம் நிழலில் நின்ற பிறகு, பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மாணவியர் இருவர் இருவராகச் சென்று மறுபடி அளந்து பார்க்கலாம். கேஜ் ஒன்று சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். விளையாட்டு விழாவில் மிஞ்சும் பணத்தில் வாங்கிவிடலாம். நோட்டில் டயர் ஒன்றுக்கு இரண்டு கட்டங்கள் போதும்: நிரப்புமுன் இருந்த எண், நிரப்பிய பின் உள்ள எண். முதல் கட்டத்தில் எவ்வளவு குறைந்த எண் வந்தாலும் அதை அடித்துத் திருத்தக் கூடாது. அதற்காக வேன் அண்ணனை யாரும் திட்டவும் கூடாது. திட்டினால், அடுத்த மாதத்திலிருந்து முதல் கட்டத்திலேயே எல்லா எண்ணும் சரியாக எழுதப்பட்டிருக்கும்.